பலகையை விட்டு இறங்கியவள்

செல்பேசிக்குள் இருக்கும் குட்டிப் படங்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சக்கர நாற்காலிக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. ஒரு நீலப் பலகை, அதில் நாற்காலியோடு ஒரு பெண். கண், மூக்கு, பின்னல் எல்லாம் அவளுக்கு உண்டு. ஆனால் அசையக் கூடாது. கழிப்பறை எங்கே, லிஃப்ட் எங்கே என்று இடம் காட்டுவதுதான் அவள் வேலை.

பலகைக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்தச் செய்தியில் பார்த்தாலும் ஓட்டக்காரன் ஓடுகிறான், நடனக்காரி ஆடுகிறாள். நத்தைகூட ஊர் சுற்றிவிட்டு வருகிறது.

“நான் எப்போ போறது?” என்று தினமும் நச்சரித்தாள்.

“உனக்கு எதுக்கு இந்த ஊர்வம்பு? பேசாம உட்காரு,” என்பான் ஓட்டக்காரன். அவன் ஓடுவதே நின்ற இடத்தில்தான், பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒருநாள் தூத்துக்குடியில் சலேத்தும் அவள் தோழிகளும் வேன் பிடித்து மணப்பாடு கடலுக்குப் போவதாக இருந்தார்கள். மூன்று மணிக்குக் கோயில் வாசலில் வண்டி. சலேத் சக்கர நாற்காலிக்காரி. கடல் பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டது என்பதால் ஒரு வாரமாக அவளுக்குத் தூக்கமே இல்லை. அன்றைக்கென்று பார்த்துத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு வந்தவள், தட்டச்சு செய்ய நேரமில்லாமல் நீலப் பலகையையும் ஓர் அலைப் படத்தையும் அனுப்பிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினாள்.

வேனில் இருந்த ஜெனோவா அதைப் பார்த்தாள்.

“கடற்கரையில வீல் சேருக்கு வழி இருக்கான்னு கேக்கா போல.”

“அங்கன முழுக்க மணல்லா? பாவம், வரலைன்னுதான் சொல்லுதா,” என்றாள் இன்னொருத்தி. “அண்ணே, வண்டிய எடுங்க.”

வண்டி உறுமியது. செல்பேசிக்குள் பலகைக்காரி சீறினாள்.

“அவ இடமா கேட்டா? நான் வாரேன்னுல்ல சொன்னா!”

“அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?” என்றான் ஓட்டக்காரன்.

பலகைக்காரி இரண்டு கைகளையும் சக்கரத்தின்மேல் வைத்து ஒரே மூச்சாகத் தள்ளினாள். காலகாலமாகப் பலகையோடு ஒட்டிக் கிடந்த உடம்பு பிய்த்துக்கொண்டு வந்தது. வலியில் உயிரே போயிற்று. காலண்டரைக் கழற்றிய சுவரில் தெரிகிற மாதிரி, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் நின்றது. அவளோ பலகைக்கும் அலைக்கும் நடுவே புகுந்து, முன்னால் குனிந்து சக்கரத்தை உருட்டினாள்.

ஜெனோவா திரையைப் பார்த்துத் துள்ளி எழுந்தாள். “அண்ணே, நிறுத்துங்க! சலேத் வந்துகிட்டு இருக்கா!”

வண்டி நின்றது. தெருமுனையில் வியர்த்து விறுவிறுக்கச் சலேத் திரும்பினாள்.

“ஏட்டி, என்னைய விட்டுட்டா போகப் பாத்திய?” என்று கத்தினாள். அழுகையும் வந்தது அவளுக்கு. “யாரும் தூக்க வேண்டாம். ரெண்டு பலகையப் போடுங்க, நானே ஏறிக்கிடுவேன்.”

ஏறினாள்.

இடம் காட்டும் நீலப் பலகையில் முகமில்லாத வெள்ளை உருவம் உட்கார்ந்திருப்பதும், ஆள் வருவதைச் சொல்ல முகமும் தலைமுடியுமாக ஒருத்தி சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமல் உருட்டிக்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான்.