கூகைக்கரட்டுக் காடு

“அறக்கட்டளைய இழுத்து மூடிடலாம்னு இருக்கேன், தாயே.”

கோமதிநாயகம் இதைச் சொல்லிவிட்டு மடத்துத் தரையில் உட்கார்ந்தார்.

மடத்தின் தலைவி அமிர்தவல்லி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஏன்?”

“குடுக்கிறேன். வாங்க ஆள் இல்ல.”

கோமதிநாயகத்துக்கு அம்மையைவிட இருபது வயதாவது கூட இருக்கும். நூற்பாலைகள் நடத்திப் பேரெடுத்தவர். அத்தனையையும் விற்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மொட்டைக் கரடுகளில் காடு வளர்ப்பது, அடிவாரத்து ஊர்களில் பள்ளிக்கூடம் திறப்பது, இந்த இரண்டும்தான் வேலை. மற்ற ஊர்களில் மாலை போட்டு வரவேற்றார்கள். கூகைக்கரட்டில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை.

“கன்னு நட்டேன். ஆட்ட விட்டு மேய்ச்சுட்டாங்க. வேலி போட்டேன். பிரிச்சு அடுப்பெரிச்சுட்டாங்க. பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்தேன். உள்ள புளி காயப் போட்டிருக்காங்க.”

“நல்ல புளியா?”

“தாயே!”

அம்மை கீரையைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கையை நீட்டுங்க.”

கோமதிநாயகம் நீட்டினார். பழக்க தோஷம். கொடுக்கிறவர் நீட்டுகிற மாதிரி, உள்ளங்கை தரையைப் பார்க்க நீட்டினார்.

அம்மை அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். உள்ளங்கை வானத்தைப் பார்த்தது.

அவ்வளவுதான். அம்மை மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

கோமதிநாயகம் திரும்பிய கையைக் குனிந்து பார்த்தார்.

“ரேகை எதுவும் பாக்கணுமா, தாயே?”

“கரட்டுக்குப் போற பஸ் இப்ப வரும். காரை இங்கேயே விட்டுட்டுப் போங்க.”

பஸ் அவரைக் கிளைச்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

அங்கிருந்து ஊருக்கு நடை. நிழலென்று சொல்ல ஒன்றுமில்லை. கரடு வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பாறை இடுக்கில் அவர் நட்ட கன்றுகளின் காய்ந்த குச்சிகள் மட்டும் அங்கங்கே நின்றன. பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்ச தூரத்தில் ஆத்திரம் போய்த் தாகம் வந்தது.

ஊர் எல்லையில் ஒருத்தி ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்தாள். மாயக்காள். அந்த ஊரிலேயே அதிக ஆடு அவளுடையதுதான். அவர் வேலியை முதலில் பிரித்ததும் அவள்தான் என்று கேள்வி.

அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

“வாங்க மொதலாளி. இந்தத் தடவை என்ன கொண்டாந்திருக்கீக?”

“ஒண்ணும் கொண்டுவரல.”

அவள் நம்பவில்லை. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். காரும் இல்லை, ஆளும் இல்லை.

“பெறகு எதுக்கு வந்தீக?”

அவர் அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார்.

“கொஞ்சம் தண்ணி இருந்தா குடும்மா.”

மாயக்காள் தூக்குவாளியைத் திறந்து சாய்த்தாள். அவர் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து ஏந்தினார். தண்ணீர் விழுந்தபோதுதான் தன் கைகளைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகுவதுகூடத் தெரியாமல் அப்படியே நின்றார்.

“குடிங்கய்யா. ஒழுகிப் போகுதுல்ல.”

குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொண்ணும் கேக்கணும்மா.”

“கேளுங்க.”

“கரட்டோட வடக்குச் சரிவ எனக்குக் கொஞ்ச காலம் தர்றீங்களா? ஆடு ஏறாம.”

மாயக்காள் கம்பை ஊன்றி நின்றாள். அவள் கண் சிவந்துவிட்டது.

“எங்க கரட்ட எங்ககிட்டயே கேக்குறீக. அன்னைக்குக் குழி வெட்டும்போது ஒரு வார்த்த கேட்டீகளா?”

“கேக்கல. அதான் இப்பக் கேக்குறேன்.”

“குடுத்தா நீங்க என்ன தருவீக?”

“தர்றதுக்கு வரல. கேக்கத்தான் வந்தேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆடுகளை ஊர்ப்பக்கம் திருப்பினாள்.

“வாங்க. ஊருக்கு முன்னால கேளுங்க.”

பள்ளிக்கூடத்தில் காய்ந்த புளியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஊர் கூடியது. கோமதிநாயகத்துக்கு உட்கார நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தார். ஆலை நடத்திய காலத்தில் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். கேட்கத் தெரியவில்லை. இரண்டு முறை தடுமாறி, மூன்றாவது முறைதான் கேட்டு முடித்தார்.

“வடக்குச் சரிவ விட்டுட்டா ஆடு காத்தையா திங்கும்?” என்றார் ஒரு கிழவர்.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல மாயக்காளே எழுந்தாள்.

“தெக்கால மேய்ப்போம். செரமந்தான். ஆனா எம் மக பேச்சியப் பாருங்க. எந்தக் குட்டி எந்த ஆட்டோடதுன்னு இருட்டுல கேட்டாலும் சொல்லுவா. பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியாது. அவளும் படிக்கணும்ல. நான் குடுக்குறேன். ஆனா ஒண்ணு. கன்ன நாங்கதான் வைப்போம். என்ன மரம்னு நாங்கதான் சொல்லுவோம்.”

“சரிம்மா.”

“காலையில பட்டிய விட்டு ஆட்ட மேய்ச்சலுக்குப் பத்துன பெறகுதான் பள்ளிக்கூடம் தொறக்கணும். வாத்தியார் இந்த ஊருலயே குடியிருக்கணும்.”

“சரிம்மா.”

கோமதிநாயகம் அங்கிருந்தே போனில் விவரம் சொல்ல, அறக்கட்டளை மேலாளர் பதறினார். “சார், இதெல்லாம் நம்ம திட்டத்துல இல்லையே!”

“திட்டத்த மாத்துப்பா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஊர் முழுக்கப் பரவியது. கோமதிநாயகமும் சிரித்தார்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு என்று சரிவைப் பிரித்துக்கொண்டார்கள். உசிலை வைத்தார்கள், வெப்பாலை வைத்தார்கள், ஆத்தி வைத்தார்கள். கோடையில் குடத்தைத் தலையில் சுமந்து ஏறி ஊற்றினார்கள். அடுத்தவன் ஆடு வடக்கே தலை காட்டினால் ஊரே சண்டைக்குப் போனது. வருஷங்கள் ஓடின. கரட்டின் ஒரு பக்கம் பச்சை பிடித்தது. பிறகு ஒரு மழைக்காலம் முடிந்தும் ஓடை நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் புளி காயப்போட இடமில்லாமல் பிள்ளைகள் நிறைந்தார்கள். பேச்சி அந்தப் பள்ளியைத் தாண்டி, டவுன் பள்ளியையும் தாண்டி, கல்லூரிக்குப் போனாள்.

அப்போதுதான் கல்குவாரிக்காரன் வந்தான்.

கரட்டை உடைக்க அனுமதி வாங்கிவிட்டான், காலையில் இயந்திரங்கள் ஏறப்போகின்றன என்று கோமதிநாயகத்துக்குச் செய்தி வந்தது. பெரிய வக்கீல் ஒருவரைக் கையோடு காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அந்தச் சனங்கள் என்ன செய்வார்கள், யாரிடம் பேசத் தெரியும் அவர்களுக்கு என்று வழி நெடுகப் புலம்பினார்.

கிளைச்சாலையிலேயே கார் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. பாதை முழுக்க ஆடுகள்.

அவர் இறங்கி ஓடினார்.

மறுநாள் மடத்துக்குள் அவர் நுழைந்ததே ஓட்டமாகத்தான். வேட்டியெல்லாம் செம்மண்.

“ஜெயிச்சுட்டோம், தாயே!”

அம்மை மணை ஒன்றை எடுத்துப் போட்டார். அவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

“யார் மறிச்சது?”

“மாயக்காள்! ஊரே பாதையில உக்காந்திருச்சு. இத்தன வருஷமா யார் ஆடு எங்க மேயுதுன்னு அடிச்சுக்கிட்டவங்க, தாயே. ஆடும் மனுசரும் ஒண்ணா உக்காந்திருந்தாங்க. மிஷின்காரன் என்ஜினை நிறுத்திட்டு இறங்கிட்டான்.”

“யார் பேசினது?”

“பேச்சி! தாசில்தார் வந்து, இது தரிசுன்னுதானே எங்களுக்குச் சொன்னாங்கன்னார். அவ வாதாடல. ‘ஏறி வந்து பாருங்க சார்’னா. கூட்டிக்கிட்டுப் போயிட்டா. ஒவ்வொரு மரமா, இது யார் வச்சது, யார் தண்ணி ஊத்துனதுன்னு சொல்லிக்கிட்டே போயிருக்கா. ரொம்ப நேரம் ஆளையே காணோம். இறங்கி வந்தார் பாருங்க, அவர் ஷூ ரெண்டும் நனைஞ்சிருந்தது!”

“நனைஞ்சிருந்ததா?”

“ஓடைத் தண்ணி, தாயே! கோடையில! அவர் ஷூவைக் கழட்டிக் கவுத்தார். ‘இது தரிசு இல்லன்னு நான் மேலிடத்துக்கு எழுதுறேன். வண்டியத் திருப்புங்கய்யா’ன்னார். பொம்பளைங்க போட்ட குலவை இன்னும் காதுல நிக்குது. குவாரிக்காரன் அனுமதியையே திருப்பிக் குடுத்துட்டான்னு இன்னைக்குக் காலையில சேதி!”

“உங்க வக்கீல்?”

“அவர் கோட்டுல பாதிய ஆடு தின்னுருச்சு.”

அம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சரி. நீங்க என்ன செஞ்சீங்க?”

கோமதிநாயகம் அப்போதுதான் மணையில் உட்கார்ந்தார். முகம் சிவந்தது.

“நான் ஓடிப்போய் முன்னால நின்னேன். நான் பேசுறேன்னேன். மாயக்காள் என் கையில ஒரு துடுப்பைக் குடுத்துட்டா.”

“துடுப்பா?”

“அத்தன பேருக்கும் கம்பங்கூழ் காச்சுனாங்க. அண்டாவக் கிளற ஆள் இல்ல. ‘அய்யா, இதக் கொஞ்சம் பாத்துக்கங்க’ன்னுட்டு அவ போயிட்டா.”

“கிளறினீங்களா?”

“கிளறினேன். ஊர் முழுக்கக் குடிச்சது. மிஷின்காரன் குடிச்சான். தாசில்தார் ரெண்டு வாட்டி வாங்கிக் குடிச்சார்.”

அம்மை அவரையே பார்த்தார்.

“அடிப்பிடிச்சுதா?”

கோமதிநாயகம் நெஞ்சை நிமிர்த்தினார். எந்த ஆலையைத் திறந்தபோதும் அவர் அப்படி நிமிர்ந்ததில்லை.

“பிடிக்கவே இல்ல, தாயே!”