தயிர்த் தெளிவும் வைத்தியர் நாடியும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். நாட்டின் பெயர் நமக்கு எதற்கு. வேட்டைக்குப் போனால் காட்டிலேயே கிடக்கும் அவருக்கு ஒரு நாள் கிறுக்குப் பிடித்தது. "அரண்மனையில் வடித்த சோறு மூன்றாம் நாளும் ஊசிப்போகக் கூடாது" என்று உத்தரவு போட்டார். சமையற்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். அரசவை விகடன் செங்கோடன் புளித்த தயிரின் மேல் நிற்கும் தெளிந்த நீரை, பானைச் சோற்றுக்கு ஒரு கரண்டி கலந்து கட்டிக் கொடுத்தான். மூன்றாம் நாள் காட்டில் அவிழ்த்தபோதும் சோறு நன்றாகவே இருந்தது. அன்றிலிருந்து ராஜாவுக்கு அரண்மனையிலும் அந்தச் சோறுதான்.

ராஜவைத்தியர் மருதவாணருக்கு இது பொறுக்கவில்லை. அவர் கிண்டிய லேகியத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கும் ராஜா, இந்தக் கோமாளியின் சோற்றை விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுகிறாரே! ராஜா உண்ணும் முன் வைத்தியர் ருசி பார்ப்பது அரண்மனை வழக்கம். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று அவர் தினமும் ஒரு கவளத்துக்கு மூன்று கவளமாக உண்டார். ஒன்றும் சிக்கவில்லை. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு காந்தியது.

ஒரு மண்டலம் கழிந்ததும் சபையில் எழுந்தார்.

"மன்னா, சோற்றைக் கெடுக்கும் எதையோ இந்தத் தெளிவு கொல்கிறது. கொல்வது விஷம். இன்று பானையில் செய்யும் வேலையை நாளை தங்கள் குடலில் செய்யும்."

ராஜாவின் முகம் வெளுத்தது. "செங்கோடா, என்ன சொல்கிறாய்?"

"பால் புளித்தால் தானாகவே தரும் நீர்தான் இது, மன்னா. அதுவும் ஒரே ஒரு கரண்டி. ஆனாலும் வைத்தியர் கேட்பது நியாயம். சோதித்துவிடலாம்."

மருதவாணர் காத்திருந்தது இதற்குத்தான். "மன்னர் திருமேனியில் சோதனை கூடாது. இதை ஒரு மண்டலம் தின்ற வேறொருவன் வரட்டும். நாடி பார்த்து நான் சொல்வதே முடிவு. அப்படி ஆள் இல்லை என்றாலோ, நோய் உண்டு என்றாலோ, இவன் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

ராஜா ஒப்புக்கொண்டார். அவருக்கென்று வடித்த சோற்றை வேறு யார் தின்றிருக்கப் போகிறார்கள்? மருதவாணருக்கு உச்சி குளிர்ந்தது.

செங்கோடன் கைகூப்பினான். "வைத்தியரே, உங்கள் இடக்கை நாடியை உங்கள் வலக்கையால் பிடியுங்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. நாற்பத்தெட்டு நாள், நாளுக்கு மூன்று கவளம். மருதவாணர் தம்மையே மறந்து போயிருந்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"நோய் இருக்கிறது மன்னா. தூக்கமில்லை. நெஞ்சு எரிகிறது. இவன் குரல் கேட்டாலே தலை சுற்றுகிறது."

செங்கோடன் சிரிக்கவில்லை. தான் நாட்டில் இருப்பதா போவதா என்பது வைத்தியரின் நாக்கில் இருந்தது. அருகில் போய்ப் பரிவாகக் கேட்டான்: "அடடா, எப்போதிருந்து ஐயா?"

ஊரையெல்லாம் அந்தக் கேள்வி கேட்டவர் அவர். அவரை யாரும் கேட்டதில்லை. உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"எப்போதிருந்தா? ராஜாவோட வலப்பக்கம் இருபது வருஷம் நான் உட்கார்ந்த இடம். போன தையில ராஜா உன்னைத் தூக்கி அங்க உட்கார வச்சாரே, அன்னிக்குப் பிடிச்சதுடா."

ராஜா விரல் விட்டு எண்ணினார். "சோறு வந்தது ஆடியில் அல்லவா?" என்றவர், கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தம் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டார்.

"மன்னா, வைத்தியரின் நோய்க்கு மருந்து என்னிடம் இருக்கிறது" என்ற செங்கோடன், மருதவாணரைக் கைப்பிடித்து அழைத்துப்போய் ராஜாவின் வலப்பக்கத்தில் உட்கார வைத்தான்.

வைத்தியர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு தலை நிமிர்ந்து பார்த்தார். அந்த முத்துமாலை செங்கோடனுக்கு எவ்வளவு எடுப்பாக இருந்தது.