செம்போத்து பேச்சை விட்ட கதை

பறவைகளும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது செம்போத்துக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும், மூன்றாம் நாள் அதைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். அது வேலிப்புதரை விட்டு இறங்கி, தத்தித் தத்தி நடந்து வந்து, துக்கத்தில் இருப்பவர் எதிரே உட்காரும். கடவுள் ஏன் உயிரைக் கொடுக்கிறார், ஏன் திரும்ப வாங்கிக்கொள்கிறார், போன உயிர் இப்போது எங்கே இருக்கிறது என்றெல்லாம் எடுத்துச் சொல்லும். சும்மா சொல்லக்கூடாது, கேட்டவர்களுக்கு மனசு லேசாகிவிடும். பட்டினி கிடந்தவர்கள் எழுந்து ஒரு வாய்க் கஞ்சி குடிப்பார்கள்.

நல்ல பறவைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் யாருக்குத்தான் கொஞ்சம் ஏறாது? நாளாக ஆகச் செம்போத்துக்குத் தன் பேச்சின் மேலேயே ஆசை வந்துவிட்டது. எந்த இடத்தில் குரலை இறக்கினால் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள், எந்த இடத்தில் ஆண்கள் பெருமூச்சு விடுவார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி.

அந்த ஊரில் ஆடு மேய்க்கும் பிச்சாண்டிக்கும் அவன் மனைவி மாடத்திக்கும் ஒரே மகள். பெயர் பூரணம், வயது ஆறு. ஒரு மத்தியானம் அந்தப் பிள்ளை குளத்தில் மூழ்கிச் செத்துப்போனது. மாடத்தி அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மகளுடைய பாவாடையை மடியில் போட்டு, அதன் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். யாரோடும் ஒரு பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் செம்போத்து வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். அது தொண்டையைச் சரிசெய்வதற்குள் மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, அன்னைக்குக் காலையில நான் பிள்ளைய..."

"நீ ஒன்னும் பண்ணலைம்மா" என்றது செம்போத்து. ஆறுதல் சொல்வதாகத்தான் அது நினைத்தது. பிறகு, எழுதினவன் எழுதினதை யாரால் அழிக்க முடியும் என்று ஆரம்பித்தது.

"இல்லய்யா, அவ வாசல் தாண்டும்போது..." என்று மாடத்தி மறுபடியும் வாயெடுத்தாள். வாசல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கடவுளுடைய வாசலில் பூரணம் சிரித்துக்கொண்டு நிற்பதைச் செம்போத்து வர்ணிக்கத் தொடங்கியது. கூட்டம் விம்மியது.

மூன்றாம் தடவையும் மாடத்தியின் உதடு அசைந்தது. அழுதுகொண்டிருந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. செம்போத்து பார்த்தது. பார்த்தும் நிறுத்தவில்லை. கூட்டம் உருகிக்கொண்டிருந்த நேரம் அது, பாதியில் விட அதற்கு மனசு வரவில்லை. மாடத்தி உதட்டை மூடிக்கொண்டு பாவாடையை மடித்து வைத்தாள். இப்படி ஒரு ஆறுதல் எந்த ஊரில் கிடைக்கும் என்று சனம் பேசிக்கொண்டே கலைந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிச்சாண்டி வேலியோரம் வந்து நின்றான்.

"ஐயா, அவ வாயே தொறக்க மாட்டேங்கிறா. சோறும் எறங்கல. அன்னைக்கு உங்ககிட்ட என்னமோ சொல்ல வந்தாளே, அது என்னன்னு கேட்டீங்களா?"

செம்போத்துக்கு அந்த அசைந்த உதடு ஞாபகம் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு மாடத்தியிடம் ஓடியது.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்குச் சொல்ல வந்ததை இப்பச் சொல்லு. நான் கேட்டுக்கிறேன்."

மாடத்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. செம்போத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அன்னைக்கு வாய் வரைக்கும் வந்துச்சுய்யா. இப்ப வரல."

அதன் பிறகு செம்போத்து தினமும் அவள் எதிரே போய் உட்கார்ந்தது. இனித் தன் பேச்சு என்று ஒரு சொல்லும் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தது. கேட்க ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக "ஊம்" என்று மட்டும் சொல்லும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ஊம்" என்னும். சில நாள் அவள் வாய் லேசாகத் திறக்கும், செம்போத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்க்கும். அவள் மூடிக்கொள்வாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது அழும். அழுதழுது கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்துபோனது.

தை பிறப்பதற்குள் மாடத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். சொல்லாமலேதான் போனாள். காலையில் பிள்ளையை அடித்திருப்பாள் என்கிறார்கள் சிலர். கூட வரச் சொல்லிப் பிள்ளை கெஞ்சியும் இவள் போகாமல் இருந்திருப்பாள் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கென்ன தெரியும்? கேட்க வேண்டியவன் ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் தெரிந்திருக்கும், பாவி.

அன்றைக்கு விட்ட பேச்சுதான், இன்னும் அது எடுக்கவில்லை. இன்றைக்கும் செம்போத்து சிவந்த கண்ணோடு வேலிக்குள் உட்கார்ந்துகொண்டு, எதிரே சொல்ல ஆளே இல்லாமல், "ஊம்... ஊம்... ஊம்..." என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.