இருபத்தேழு பட்டம் ஏறிய பார வண்டி

காரையாற்றுப் பாளையத்து ராஜா விசயரங்க பூபதிக்கு அந்த வருஷம் வந்த பெரிய கவலை ஒரு வண்டி. அரண்மனையின் பழைய வண்டி அச்சு முறிந்து படுத்துவிட்டது. முன்னால் ராஜா உட்கார, பின்னால் சரக்கு ஏற்ற, புதிதாக ஒன்று வேண்டும். தச்சர்கள் இரண்டு வண்டி செய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒன்று லேசு வண்டி. இரண்டு மாடு போதும், பத்து மூட்டை தாங்கும், நினைத்த இடத்தில் திரும்பும். மற்றது பார வண்டி. நான்கு மாடு பூட்ட வேண்டும், நாற்பது மூட்டை தாங்கும், திரும்புவதற்கு மட்டும் ஒரு மைதானம் வேண்டும்.

அரண்மனைத் தோட்டத்திலிருந்து தினமும் வருவது எட்டுக் கூடை கத்தரிக்காயும் இரண்டு வாழைத்தாரும். இதற்கு எந்த வண்டி என்று மடைப்பள்ளிப் பூனையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். ஆனால் தளவாய் வீரபாகு குறுக்கே வந்தார். மகாராஜாவுக்கு இருபத்தேழு பட்டங்கள் உண்டே, அத்தனையையும் எழுத லேசு வண்டிப் பலகையில் இடம் ஏது என்று கேட்டார். பார வண்டியின் பலகை எட்டு முழம். ராஜா அந்த நிமிஷமே பார வண்டிப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

சாய்ந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தோட்டத்துக்குப் போகிற வழி குயவர் தெரு. அந்தத் தெரு முடுக்கில் பார வண்டி திரும்பாது. முடுக்கில் இருக்கிற ஆறு வீடுகளை வெள்ளிக்கிழமை இடித்துவிட்டால் தாராளமாகத் திரும்பும் என்றார் தளவாய். ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

சபையில் மருதவாணன் என்று ஒருவர் இருந்தார். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவர் உத்தியோகம். ஆறு வீட்டில் முதல் வீட்டுக்காரி பூவாத்தாள் அன்று மாலை அவரைத் தேடி வந்தாள். அழவில்லை. சூளையில் பானை அடுக்கியிருக்கிறது, வெந்து இறங்க ஐந்து நாளாகும், வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்றாள்.

"பேசியே சிரிக்க வைக்கிறவரு நீங்க. எங்க வீடு நிக்கிற மாதிரி ஒரு பேச்சுப் பேசக் கூடாதா?"

மருதவாணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நேரே ராஜாவிடம் போய் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் ராஜா கையை உயர்த்தினார்.

"நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று தெரியும். வீடு போகும், மாடு களைக்கும், செலவு ஆகும். மூன்றையும் ராணியே சொல்லிவிட்டாள். இந்த மூன்றையும் விட்டுவிட்டு, லேசு வண்டிதான் வேண்டும் என்பதற்கு வேறு ஒரு காரணம் சொல். நாளை பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் முதல் கடப்பாரை உன் கையில்தான்."

மருதவாணன் யோசித்தார். வீட்டையும் மாட்டையும் செலவையும் கழித்துவிட்டால் வண்டியைப் பற்றிப் பேச என்ன மிச்சம் இருக்கிறது? உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயமாகவே இருந்தது. கடைசியில் பணிவாக ஒன்று கேட்டார். இன்றைக்கே பட்டங்களை எழுதிவிடுவோம். நாளைக் காலையில் ஒரு வெள்ளோட்டம் விடுவோம். மகாராஜா பாய்த் தட்டிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்தால் ஜனங்கள் பட்டங்களைப் படித்துப் பூரிப்பதைக் காதாரக் கேட்கலாம். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் நான்கு மாடும் மூச்சு வாங்க வண்டி ஊர்ந்தது. உள்ளே ராஜா; பக்கத்தில் மருதவாணன். குயவர் தெரு முடுக்குக்கு வந்ததும் வண்டி நின்றது. வண்டிக்காரன் ஒரு ஜோடி மாட்டை அவிழ்த்தான், மறுபடி பூட்டினான், முன்னால் தள்ளினான், பின்னால் இழுத்தான். தெரு கூடிவிட்டது. அங்கே படிக்கத் தெரிந்தவர் நாவிதர் அழகிரி ஒருவர்தான். அதுவும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவசரம் ஒன்றும் இல்லையே, அவர் பலகை அருகே வந்து நின்றுகொண்டார்.

"வே... ங்... கை... வேங்கையை வெறுங்கையால் பிடித்தவர்."

"எந்த வேங்கை?" என்று ஒரு கிழவர் கேட்டார். "போன வருஷம் கூண்டுல வந்துச்சே, அதுவா? அதுக்கு இவரு பொரி போட்டதைத்தானே பாத்தோம்."

அழகிரி அடுத்த பட்டத்துக்கு நகர்ந்தார். மும்மாரி பெய்வித்தவர். இந்த வருஷம் ஒரு மாரிகூடப் பெய்யவில்லையே என்று யாரோ இழுத்தார்கள். பூவாத்தாள் உடனே ராஜாவுக்குப் பரிந்து பேசினாள். மழை பெய்திருந்தால் சுடாத பச்சைப் பானை காய்ந்திருக்குமா, பெய்யாமல் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்றாள்.

தட்டிக்குள் ராஜாவின் முகம் சிவந்தது. மருதவாணன் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"பகைவருக்குப் புறங்காட்டாதவர்" என்று அழகிரி கூட்டி முடித்தார்.

எல்லோரும் கிழவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னார்: "அது நெசந்தான். சண்டைக்கே போகாதவரு எங்க போயி முதுகைக் காட்டுவாரு?"

வண்டி இன்னும் திரும்பவில்லை. பட்டங்கள் இன்னும் இருபத்துநான்கு பாக்கி. ராஜா மருதவாணனின் தொடையைக் கிள்ளினார். திரும்பவே வேண்டாம், வந்த வழியே பின்னால் தள்ளச் சொல் என்று காதோடு சொன்னார்.

அரண்மனைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார வண்டியைத் தச்சரிடமே அனுப்பிவிட்டார். ஆறு வீட்டில் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று தளவாயிடம் உத்தரவு போட்டார். அப்புறம்தான் மருதவாணனைப் பார்த்து, காரணம் ஒன்று கேட்டேனே, நீ சொல்லவே இல்லையே என்றார்.

"நான் எதற்கு மகாராஜா? அதுதான் அழகிரி படித்துச் சொல்லிவிட்டாரே."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு லேசு வண்டியைச் சுற்றி வந்தார். பலகையைத் தடவினார். ஆசை விடவில்லை. "இதில் பொடி எழுத்தில் எழுதினால் இருபத்தேழும் அடங்கும் போலிருக்கிறதே. எழுதலாமா?"

"தாராளமாக எழுதலாம். இது ஓடுகிற ஓட்டத்தில் அழகிரி 'வே' என்று கூட்டுவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். படித்து முடிக்க முடியாத வரைக்கும் மகாராஜாவின் இருபத்தேழு பட்டமும் சத்தியம்."