மொட்டு வைக்காத செவ்வந்தி

முன்னொரு காலத்தில் வேயூர் நாட்டை மகுடவேந்தன் என்னும் அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். அவனுடைய ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு, கார்த்திகைத் திங்கள் ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை. விடியும்போதே தூறல் நின்று, வானம் வெளுத்து, குளிர்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரிலும் அரண்மனைத் தோட்டக்காரன் வடமலைக்கு மட்டும் உடம்பெல்லாம் வியர்த்தது.

அவன் எதிரே அரசன் நின்றுகொண்டிருந்தான். அரசனைச் சுற்றிலும் செவ்வந்திச் செடிகள். இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை, பூச்சியரிப்பு இல்லை, வாட்டம் இல்லை. மொட்டும் இல்லை.

“ஊரெல்லாம் செவ்வந்தி பூத்துக் குலுங்குகிறது. கடைத்தெருவில் கூடை கூடையாய்க் குவிந்து கிடக்கிறது. என் தோட்டத்தில் மட்டும் கீரைப்பாத்தியா போட்டிருக்கிறாய்?” என்றான் அரசன். தைப்பூசத்தன்று மலைமேல் முருகனுக்குத் தன் தோட்டத்துப் பூவாலேயே மாலை சாத்துவதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான்.

அருகில் நின்ற அவைப்புலவர் சொன்மாரியார், “மன்னா, செடியில் குறையில்லை, வளர்ப்பவன் கையில்தான் குறை. இவனை எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டால் எல்லாம் தானே பூக்கும்,” என்றார். அமைச்சர் அறவாணரின் சொல்லையே அரசன் கேட்கிறான் என்று புலவருக்கு நெடுநாள் எரிச்சல். வடமலையோ அமைச்சர் பார்த்து அமர்த்திய ஆள்.

“இந்த மாதம் முடிவதற்குள் மொட்டைக் காட்டு. இல்லையேல் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு,” என்று சொல்லிவிட்டு அரசன் விறுவிறுவென்று நடந்தான்.

உடன் வந்திருந்த அமைச்சர் மட்டும் பின்தங்கினார். பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டே போனவர், வைக்கோற்போருக்குப் பின்னால் சட்டென்று நின்றார். அங்கே நான்கைந்து மெலிந்த செடிகள், நுனியெல்லாம் மொட்டுகள்.

“இவற்றுக்கு என்ன செய்தாய், வடமலை?”

“ஒன்றும் செய்யவில்லை, ஐயா. மிஞ்சிய நாற்றை எறிய மனம் வராமல் ஊன்றி வைத்தேன். உரமும் கிடையாது. இரவெல்லாம் எரியும் அந்த விளக்குகளின் வெளிச்சங்கூட இந்த மூலைக்கு எட்டாது.”

சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

‘எம்மன்னன் தோட்டத்தில் இரவுக்கு இடமில்லை’ என்று ஆவணி மாதம் சொன்மாரியார் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். பாட்டில் மயங்கிய அரசன் அதையே ஆணையாக்கிவிட்டான். அன்றிலிருந்து தோட்டம் முழுவதும் விடிய விடியத் தீவட்டிகளும் எண்ணெய் விளக்குகளும் எரிந்தன.

“அணைத்துவிடலாமா, ஐயா?”

“அணைத்தால், அரசரின் புகழையே அணைத்துவிட்டோம் என்று புலவர் அடுத்த பாட்டைக் கட்டுவார். பிறகு நாம் இருவரும் பேச்சுத்துணையாக எல்லைவரை நடக்கலாம். பொறு. விளக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நாமல்ல.”

மறுநாள் அவையில் அமைச்சர் எழுந்தார். “அரசே, நம் புலவரின் பாட்டுக்குக் கல்லும் உருகும் என்கிறார்கள். செவ்வந்தியா மலராது? தோட்டத்து நடுமண்டபத்திலேயே தங்கி, செடிகள் மீது ஒரு பதிகம் பாடட்டும். வேளைக்கு விருந்தும் பஞ்சு மெத்தையும் நம் பொறுப்பு.”

“பத்துப் பாட்டுத்தானே? பாக்கு மெல்லும் நேரம் போதும்!” என்றார் சொன்மாரியார், மீசையை நீவிக்கொண்டே.

சில நாள் கழித்து அரசன் பரிவாரத்தோடு மண்டபத்துக்கு வந்தான். வடமலை தூணருகே நின்றான்.

“பாடும், புலவரே!”

சொன்மாரியார் வாயைத் திறந்தார், கொட்டாவி வந்தது. “செவ்வந்தியே…” என்று தொடங்கினார். அதைவிடப் பெரிய கொட்டாவி வந்தது.

“பாலும் நெய்யும் உண்டு கன்னம் மினுமினுக்கிறது. ஒரு பாட்டுக்கூட வரவில்லையா? விருந்தில் ஏதேனும் குறையா?”

“விருந்தில் என்ன குறை, மன்னா! இந்தப் பாழும் விளக்குகள்தாம்! கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெளிச்சம். பகல் எது, இரவு எது என்றே தெரியவில்லை. இருட்டென்று ஒன்று இல்லாவிட்டால் உள்ளே என்னதான் மலரும்? முதலில் இவற்றை அணைக்கச் சொல்லுங்கள்!”

அமைச்சர் கைகூப்பினார். “அரசே, செவ்வந்திக்கு வாயில்லை. ஆவணி முதல் அது சொல்ல முடியாமல் நின்றதைப் புலவர் சொல்லிவிட்டார். விளக்கொளி எட்டாத வைக்கோற்போருக்குப் பின்னால் வந்து பார்த்தருள வேண்டும்.”

அரசன் வந்தான், குனிந்தான், மொட்டுகளை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

“ஆணையிட்டவன் நான், வியர்த்தவன் நீயா?” என்று வடமலையின் தோளைத் தட்டினான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். “புலவரே, இனி என்னைப் புகழ்வதற்கு முன்னால் தோட்டக்காரனை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்,” என்றான். பரிவாரம் சிரித்தது, சொன்மாரியார் தரையைப் பார்த்தார்.

அன்று மாலை விளக்குகள் அகற்றப்பட்டன. வடமலையின் மனைவி கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்துப் பாத்திரங்களை மீண்டும் அடுக்கினாள். மார்கழியில் தோட்டமெங்கும் மொட்டு வந்தது. தைப்பூசத்தன்று பூக்கள் கூடை கூடையாக மலையேறின. மீந்த எண்ணெயைச் சத்திரங்களுக்குக் கொடுத்தார்கள். சொன்மாரியார் தம் வீட்டில் இரண்டு நாள் உறங்கி எழுந்து பதிகத்தைப் பாடி முடித்தார். உண்மையில் அது நன்றாகவே இருந்தது. வடமலை முதுமைவரை அந்தத் தோட்டத்திலேயே வேலை பார்த்தான்.