காமன் கையில் இருந்த கரும்பு

முன்னொரு காலத்தில் சூரபதுமனிடம் உதை வாங்கிய தேவர்களெல்லாம் இந்திர சபையில் கூடினார்கள். தவத்தில் இருக்கும் சிவன் கண்விழித்துப் பார்வதியை மணந்து, ஒரு பிள்ளை பிறந்தால்தான் அந்த அசுரன் சாவான். சிவனை எழுப்புவது யார்?

எல்லோரும் காமனைப் பார்த்தார்கள். அவன் ஒரு அப்பாவி. "உன்னை விட்டால் ஆளில்லை" என்று யாராவது சொன்னால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். அவன் கையில் இருந்த கரும்பு வில்லுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

இந்திரன் பக்கத்தில் சொகுசாகச் சாய்ந்திருந்த வச்சிராயுதத்திடம் அது கேட்டது.

"ஏன்யா, மலையையே பிளந்தவரு நீங்க. நீங்க போறதுதானே?"

"இது நாசூக்கான வேலை தம்பி. நான் போனா கெட்டுடும்."

"அவரு கோவத்துல நெத்திக்கண்ணைத் தொறந்தா?"

"நாங்க பின்னாலதானே நிக்கப்போறோம்!"

காமன் அம்பு தொடுத்தான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். கரும்பு திரும்பிப் பார்த்தது. பின்னால் ஈ காக்கை இல்லை.

காமன் ஒரு பிடி சாம்பலானான். பாதி கருகிய கரும்பு, அவன் மனைவி ரதியின் காலடியில் விழுந்தது. அவள் மண்ணில் புரண்டு அழுதபோது, மேலே சிவனின் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணச் சாப்பாடு செரித்த பிறகுதான் வச்சிரம் துக்கம் கேட்க வந்தது.

"அழாதம்மா. உம் புருஷனுக்குப் பூலோகத்துல வருஷா வருஷம் திருவிழா. மாசி மாசம் கரும்பை நட்டு, வைக்கோல் பிரி சுத்தி, வரட்டி அடுக்கி, பாட்டுப் பாடிக் கொளுத்துவாங்க."

"ஒரு தடவை எரிஞ்சது பத்தாதா?" என்று கரும்பு சீறியது.

"அட, அது மரியாதைப்பா."

ரதி எழுந்தாள். கரும்பை எடுத்துக்கொண்டு போய்க் காவிரிக் கரையில் ஊன்றினாள். அது துளிர்த்தது. அதன் வம்சம் இன்னமும் அந்தச் சூட்டை மறக்கவில்லை.

அந்த வம்சத்துக் கரும்பு ஒன்றை இந்த மாசியில் ஒரு ஊரில் காமனாக நட்டார்கள். அதன் முன்னால் பதினைந்து நாளாக லாவணி என்னும் போட்டிப் பாட்டு. எரிந்த கட்சிக்கு வேதரத்தினம், எரியாத கட்சிக்குக் கலியமூர்த்தி.

"காமன் சாம்பலாப் போயிட்டான்யா!" என்று கையிலிருந்த டேப் பறையைத் தட்டினார் வேதரத்தினம்.

"ரதி கண்ணுக்கு மட்டும் தெரியிற மாதிரி சிவன் உசுரு குடுத்தாரே! அப்புறம் எங்கய்யா எரிஞ்சான்?" என்று மடக்கினார் கலியமூர்த்தி.

ஊர் இரண்டாகப் பிரிந்து விசிலடித்தது. கடைசி நாள் சாயங்காலம் வரை கரும்பு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது. அதற்கு மேல் முடியவில்லை.

"நிறுத்துங்கடா! எரிஞ்சான்னு பாட ஒரு ஆளு, எரியலைன்னு பாட ஒரு ஆளு. அவனைச் சாக அனுப்பிச்சது யாருன்னு பாட இந்த ஊர்ல ஒரு ஆளு இல்லையா?"

டேப்புகள் நின்றன. முன்வரிசை நாற்காலியில் இருந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டுக்காரர்கள் இருவரும் அந்த முகங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினைந்து நாளாக ஒரு சொல்லுக்குக்கூட ஒத்துப்போகாத அந்த இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"நேரமாச்சு, கொளுத்துங்கய்யா!"