தண்ணீர் ஏறாத டேங்க்

"அவனால முடியாத வாக்குறுதி ஒண்ணு வேணும்மா," என்றார் மாசிலாமணி.

மலையடி மடத்து நீலாயதாட்சி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் மாசிலாமணியைவிட இளையவர்தான். ஆனாலும் மாசிலாமணி பல வருஷமாக அவருக்குச் சீடர். குறைந்தபட்சம், தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

"யாரால முடியாத?"

"கோதண்டம்தான். வேற யாரு?"

கோதண்டம் அவருடைய சித்தப்பா மகன். ஊராட்சித் தலைவர் தேர்தலில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஊரில் இதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பேர். மருந்து கிடையாது.

மாசிலாமணி கொட்டித் தீர்த்தார். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்பதால் ஊருக்கு என்ன தேவை என்று இருவருக்கும் ஒன்றாகவே தோன்றியிருக்கிறது. கிழக்குத் தெருவுக்குக் குடிதண்ணீர், ரேஷன் கடைக்குக் கூரை, சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு. கோதண்டம் முந்திக்கொண்டு மேடையில் சொல்லிவிட்டான். கைதட்டல் அடங்கவே இல்லையாம். மறுநாள் அதையே இவர் சொன்னபோது மைத்துனர் மட்டும் தட்டினார். சின்னத்திலும் அவனுக்கே யோகம். அவனுக்குப் பூட்டு சாவி. தலையில் முடி பாதி கொட்டிப்போன இவருக்குச் சீப்பு.

"நேத்து கிழக்குத் தெருவுல அவனுக்கு ஆரத்தி எடுத்தாங்கம்மா. பார்த்ததுலேருந்து சோறு இறங்கல."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த மூணுல எது முதல்ல?"

"தண்ணிதான்."

யோசிக்காமல் சொன்னார். அந்தத் தெருப் பெண்கள் வயக்காட்டு மோட்டார் வரைக்கும் குடத்தோடு நடக்கிறார்கள். போன மாசம் நிறைமாதக்காரி ஒருத்தி வழியில் வழுக்கி விழுந்துவிட்டாள். அதைச் சொல்லும்போது மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை.

"அங்க டேங்க் கட்டி நிக்குதே," என்றார் அம்மா.

"நிக்குது. தண்ணி ஏறல."

"ஏன்?"

மாசிலாமணி துண்டை உதறினார். திரும்ப மடித்தார். அப்புறம் சொன்னார்.

டேங்க் வந்தது கோதண்டம் வார்டு மெம்பராக இருந்தபோது. போர்வெல் மாசிலாமணியின் கடலைக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. குழாய் வர வேண்டுமானால் அவருடைய வரப்பை ஒட்டித்தான் வரவேண்டும். வேறு வழி கிடையாது. கோதண்டம் வீட்டுக்கே வந்து கேட்டான். இவர் விடவில்லை.

"விட்டா டேங்க்ல அவன் பேரைப் பெரிசா எழுதிடுவான். அந்தப் பக்கம் போறப்பல்லாம் நான் அதைப் படிக்கணுமேம்மா. அதை நினைச்சாலே எரியுது. நான் ஜெயிச்சேன்னா மறுநாளே விட்டுடுவேன். அதான் என்னோட முதல் வேலை."

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மண்வெட்டி இருந்தது. அதை மாசிலாமணியின் மடியில் வைத்தார்.

"என்னம்மா இது?"

"கோதண்டத்தால முடியாத காரியம் கேட்டீங்க. உங்க வரப்போரம் வெட்ட அவரால முடியாது."

சொல்லிவிட்டு மறுபடி கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

மாசிலாமணி வீட்டுக்கு நடந்தார். மனம் திருந்திவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அவனால் முடியாதது என்னால் முடியும் என்ற நினைப்பு வழியெல்லாம் இனித்தது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்.

காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்போரம் வெட்ட ஆரம்பித்தார். தண்ணீருக்குப் போன கிழக்குத் தெருப் பெண்கள் நின்று பார்த்தார்கள். குழாய்க்கா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றார். விஷயம் தெருவுக்குப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் வரப்பு முழுக்க ஆட்கள் நின்றார்கள்.

கோதண்டம் பைக்கில் வந்து இறங்கினான்.

இதைத்தான் அவன் அன்று வீடு தேடி வந்து கேட்டான். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவன் பள்ளத்தைப் பார்க்கவில்லை. மாசிலாமணியைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது.

"இப்ப எதுக்குண்ணே அவசரம்?" என்றான். "ஓட்டு முடியட்டுமே."

மாசிலாமணி நிமிர்ந்தார்.

அந்த முகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். நாமும் இப்படித்தான் இருந்தோமா என்று நினைத்தார். வெட்கமாகப் போய்விட்டது.

பள்ளத்திலிருந்து மேலே ஏறி மண்வெட்டியை நீட்டினார்.

"நீயே வெட்டு கோதண்டம். டேங்க்ல உன் பேரையே எழுதிக்கோ."

சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

கோதண்டம் மண்வெட்டியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். வாங்கினால் அண்ணன் பெரிய மனுஷன் ஆகிவிடுவார். வாங்காவிட்டாலும் அதேதான். அவன் கை நீளவில்லை.

நீட்டிய மண்வெட்டி அப்படியே நின்றது.

கிழக்குத் தெரு அலமேலு இடுப்பிலிருந்த காலிக் குடத்தை இறக்கி வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, மாசிலாமணியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க," என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள்.